சாதனை மலரை வீடு வீடாகச் சரிபார்த்த ரமாபாய்

எந்தக் கட்சி என்று மட்டும் என்னைக் கேட்காதீர்கள். சொல்ல மாட்டேன். நான் எல்லாக் கட்சிக்கும் மைக் கட்டுகிறவன். திங்கட்கிழமை இவர்கள் கொடி, செவ்வாய்க்கிழமை அவர்கள் கொடி. என் ஆம்ப்ளிஃபயருக்கு இரண்டும் ஒரே கரண்ட்தான். பேரைச் சொன்னால் அடுத்த தேர்தலில் என் கூம்பு ஸ்பீக்கரெல்லாம் பரண்மேல் படுத்துத் தூங்கும், நானும் பக்கத்தில் படுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டாயிரம் பிறந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன, அப்போது ஆட்சியில் இருந்த கட்சி. இவ்வளவு போதும்.

என் பெயர் நசீர். திருவொற்றியூரிலிருந்து எண்ணூர் போகிற வழியில், கம்பெனிகளுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு கிடக்கும் பேட்டையில் 'நசீர் சவுண்ட் சர்வீஸ்' என்று கேட்டால் கைக்குழந்தைகூட வழி காட்டும். இருபத்திரண்டு வருஷம் மேடைக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அழுதவர், சிரித்தவர், சவால் விட்டவர், மைக்கைக் கடித்தே தின்றுவிடுவாரோ என்று பயமுறுத்தியவர், எல்லாரையும் பார்த்தாகிவிட்டது. உண்மையைச் சொன்னால் நான் பேச்சைக் கேட்பதே கிடையாது. மைக் இரைகிறதா, ஊளையிடுகிறதா, கடைசிக் கம்பத்து ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று சத்தத்தை மட்டும்தான் கேட்பேன். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் சத்தத்தை மறந்து, வாய் பிளந்து, பேச்சைக் கேட்டேன். பேசியது ரமாபாய் அக்கா.

அவரை முதலில் சொல்லிவிடுகிறேன். மணலி போகிற சாலையில் பெயின்ட் டப்பா செய்கிற கம்பெனி ஒன்று இருந்தது. டப்பா கம்பெனி என்றுதான் சொல்வோம். அதில் பதினாறு வருஷம் வேலை பார்த்தவர். என்ன வேலை? டப்பாவில் காற்றடைத்துத் தண்ணீர்த் தொட்டியில் முக்க வேண்டும். குமிழி வந்தால் எங்கேயோ ஓட்டை. ஓட்டை உள்ள இடத்தில் சிவப்புப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டுத் தனியாக வைக்க வேண்டும். காலையிலிருந்து மாலை வரை இதேதான். ஒரு தடவை அவசர ஆர்டர், சூப்பர்வைசர் கெஞ்சியிருக்கிறார்: "இந்த ஒரு லாட்ட மட்டும் பாக்காம வுட்டுடேம்மா." அக்கா தொட்டியைவிட்டு நிமிரவே இல்லையாம். "பெயின்ட் ஒழுவுனா உன் சட்டையிலயா ஒழுவப்போவுது? வாங்கினவன் வூட்லதானே ஒழுவும்?" என்று சொல்லிக்கொண்டே அடுத்த டப்பாவை முக்கினாராம். சூப்பர்வைசர் தலையில் அடித்துக்கொண்டு போய்விட்டார்.

தொண்ணூற்றொன்பதில் கம்பெனி கேட்டில் பூட்டு விழுந்தது. அக்கா காசிமேட்டுப் பக்கம் இறால் உரிக்கிற ஷெட்டில் சேர்ந்தார். ஐஸ் தண்ணீரில் ஊறி ஊறி விரல் நுனியெல்லாம் வெந்தது போல இருக்கும். அவர் கணவர் நீலமேகம் ஹார்பரில் லோடுமேன், வேலை உள்ள நாளில் வேலை. ஒரே மகள் சங்கமித்ரா, நான் சொல்லப்போகிற கூட்டம் நடந்த வருஷம் ஒன்பதாம் வகுப்பு.

கட்சி என்றால் அக்காவுக்கு உயிர். வட்ட மகளிரணி அமைப்பாளர். கொடி கட்டுவது, போஸ்டர் ஒட்டுவது, ஊர்வலத்தில் முன்வரிசையில் தொண்டை கிழியக் கத்துவது, எல்லாவற்றிலும் முதல் ஆள். அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் படித்த காலத்தில் எங்கள் நகராட்சிப் பள்ளி எட்டாம் வகுப்போடு முடிந்துவிடும். அதற்குமேல் படிக்க வெகுதூரம் போக வேண்டும், அதனால் அவர் படிப்பும் எட்டோடு நின்றது. பிற்பாடு உண்ணாவிரதம் இருந்து, மறியல் செய்து, அந்தப் பள்ளிக்கு ஒன்பதும் பத்தும் கொண்டுவந்தது அதே கட்சிதான். "நம்ம தெருப் பொண்ணுங்க பத்தாங்கிளாஸ் பாத்ததே எங்க கட்சியாலதான் பாய்" என்று என்னிடமே நூறு தடவை சொல்லியிருப்பார்.

அந்தப் பத்தாம் வகுப்புக்குத்தான் ஆபத்து வந்தது. வருகிற ஜூன் முதல் ஒன்பது, பத்து வகுப்புகளை எக்ஸ்பிரஸ் ரோட்டுக்கு அந்தாண்டை இருக்கும் இன்னொரு பள்ளியோடு சேர்த்துவிடப் போவதாகச் சுற்றறிக்கை. தேர்ச்சி விகிதம் குறைந்துவிட்டதாம். ஏன் குறையாது? கணக்கு வாத்தியார் ரிட்டையர் ஆகிப் போய் இரண்டு வருஷம் நான்கு மாதம், அந்த நாற்காலியில் யாரும் வந்து உட்காரவில்லை.

எக்ஸ்பிரஸ் ரோடு என்றால் வெளியூர்க்காரர்களுக்குப் புரியாது. துறைமுகத்துக்குள் போகக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகள் மைல் கணக்கில் நிற்கும். இரண்டு வரிசை, சில நாள் மூன்று வரிசை. நிற்கிறதே என்று நடுவில் நுழைந்தால் திடீரென்று நகரும். டிரைவருக்குக் கீழே நிற்கிற ஆள் தெரியாது. பள்ளி போய் வரத் தினமும் இரண்டு தடவை அதைத் தாண்ட வேண்டும். எந்தத் தாய் வயசுக்கு வந்த பெண்ணை அனுப்புவாள்? ஜூன் மாதம் எங்கள் பேட்டையில் நாற்பது பெண் பிள்ளைகளின் படிப்பு நிற்கப்போகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்திருந்தது. சங்கமித்ராவும் அதில் ஒருத்தி.

அக்கா மூன்று மனு கொடுத்தார். மூன்றுக்கும் பதில் இல்லை. வட்டச் செயலாளர் வரதனிடம் போனார். வரதன் கெட்ட மனிதர் இல்லை, பயந்த மனிதர்.

"ரமா, நம்ம ஆட்சி நடக்கறப்போ நாமளே மனு குடுத்துகினு திரிஞ்சா பாக்கறவன் இன்னா நெனைப்பான்? கொஞ்சம் பொறு. அமைச்சர் வரப்போறாரு. சமயம் பாத்து காதுல போடறேன்" என்றார்.

அமைச்சர் வருவதற்குக் காரணம் சாதனை விளக்கப் பொதுக்கூட்டம். தொகுதிக்கு ஒன்றாகச் சாதனை மலர் என்று முப்பத்திரண்டு பக்கத்தில் பளபளவென்று ஒரு புத்தகம் அடித்திருந்தார்கள். எந்த வட்டத்தில் எத்தனை பேருக்கு வேலை, எத்தனை ஆசிரியர், எத்தனை தொழிற்பேட்டை என்று பக்கத்துக்குப் பக்கம் பட்டியல். கூடவே தலைமையிலிருந்து ஒரு சுற்றறிக்கை: 'வட்டப் பொறுப்பாளர்கள் தத்தம் வட்டத்துப் புள்ளிவிவரங்களைத் திரட்டி மேடையில் எடுத்துரைக்க வேண்டும்.' இதற்கு என்ன அர்த்தம் என்று கட்சியில் பால் குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். புத்தகத்தைப் பார்த்து ஒரு தாளில் எழுதிக்கொண்டு போய் மேடையில் வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். வரதன் அக்காவிடம் புத்தகத்தைக் கொடுத்து, "புள்ளிவிவரம் எடுத்துகினு வந்து அஞ்சு நிமிசம் பேசு" என்றார்.

அக்காவோ திரட்டச் சொன்னால் திரட்டுகிறவர். அங்கேதான் கோளாறு ஆனது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வயரைச் சுருட்டிக்கொண்டிருக்கிறேன், வாசலில் வந்து நிற்கிறார். ஒரு கையில் சாதனை மலர், இன்னொரு கையில் நாற்பது பக்க நோட்டு, காதில் சிவப்புப் பென்சில்.

"பாய், பதினோராம் பக்கத்துல நம்ம வட்டத்துல நாப்பத்தெட்டு பேருக்கு வேலை குட்த்ததா போட்டுக்கீது. உன் வூட்ல யாருக்குனா வந்துச்சா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "என் மச்சான் ஐடிஐ முடிச்சிட்டு மூணு வருசமா கேரம் போர்டு ஆடிகினு கீறான். இன்னாக்கா, மெய்யாலுமே எண்ணிகினு கீறியா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் கிண்டலே இல்லை. "வேற எப்டி எண்றது?" என்று கேட்டுவிட்டு, நோட்டில் ஒரு கோடு போட்டுக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார்.

அறுநூற்றுப் பன்னிரண்டு வீடு. மூன்று வாரம். இறால் ஷெட்டில் எட்டு மணி நேரம் குனிந்து நிமிர்ந்துவிட்டு வந்து, முகம் கழுவி, கட்சிக் கரை போட்ட புடவையைக் கட்டிக்கொண்டு தெருத் தெருவாக நடந்தார். ஜனங்கள் கேலி பண்ணினார்கள். "யக்கா, நாப்பத்தெட்டு பேரும் எங்க வூட்டு மாடிலதான் கீறாங்கோ, போய் எண்ணிக்கோ" என்று ஒருவன் சொல்ல, அக்கா நிஜமாகவே மாடி ஏறிப் பார்த்துவிட்டு வந்தாராம். புதுத் தொழிற்பேட்டை மூன்று என்று பதினான்காம் பக்கத்தில் போட்டிருந்ததற்காக, ஒரு லீவு நாளில் பஸ் பிடித்து மூன்று இடத்தையும் நேரில் பார்த்தார். பஸ் ஸ்டாண்டிலிருந்து பாலம் வரை நடந்து கம்பெனி கேட்டுகளை எண்ணினார். பள்ளிக்கூடத்தில் போய் ரிசல்ட்டைப் பார்த்து எழுதிக்கொண்டார். எனக்கு அப்போதெல்லாம் இந்த அம்மாவுக்கு மறை கழன்றுவிட்டது என்றுதான் தோன்றியது. அல்லா மன்னிக்கட்டும்.

கூட்ட நாள் வந்தது. சாயங்காலம் ஆறரை. பதினான்கு ஸ்பீக்கர் கட்டியிருந்தேன். சேர் போட்டு, கொடி கட்டி, ஜனமும் பரவாயில்லாமல் சேர்ந்திருந்தது. மேடை வழக்கம் ஒன்று சொல்ல வேண்டும். பெரிய தலைவர் வருகிற வரைக்கும் மேடை சும்மா இருக்கக் கூடாது. யாராவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். ஐந்து நிமிஷம் மைக் அடங்கினால் ஜனம் முந்தானையைத் தட்டிக்கொண்டு எழுந்துவிடும். அப்புறம் வருகிறவர் காலி நாற்காலிகளுக்குத்தான் வணக்கம் சொல்ல வேண்டும். இன்னொரு வழக்கம், பேசத் தெரிந்த எல்லாரும் அமைச்சரை எல்லையில் வரவேற்கக் காரில் போய்விடுவார்கள். அன்றும் போய்விட்டார்கள். பாட்டுக் கச்சேரிக் குழுவின் வேனும் அவர்கள் பின்னாலேயே போனது. வரதன் ஒருவர்தான் மேடையில். 'அவர்களே, அவர்களே' என்று நாற்பது நிமிஷம் பேசித் தொண்டை கட்டிப்போய், ரமாபாயை அழைத்துவிட்டு உட்கார்ந்தார்.

அக்கா மைக் முன்னால் வந்து நின்றார். 'அவர்களே' எல்லாம் ஒன்றும் இல்லை.

"எல்லாருக்கும் வணக்கம். சாதனை மலர்ல இன்னா எய்திக்கீதோ, நம்ம வட்டத்துல இன்னா கீதோ, ரெண்டையும் பக்கம் பக்கமா சொல்லச் சொல்லிக்கீறாங்க. சொல்றேன். நாலாம் பக்கம். சத்துணவுல முட்டை. மெய்தான். நம்ம பள்ளிக்கூடத்துல வாரத்துக்கு எத்தினின்னு போட்டுக்கீதோ அத்தினி குடுக்கறாங்க. நானே அரை நாள் லீவு போட்டு மூணு தபா நின்னு பாத்தேன்."

கைதட்டல். வரதன் மீசையைத் தடவிக்கொண்டார்.

"ஏழாம் பக்கம். பஸ் பாஸ். அதுவும் மெய்தான். எல்லாப் புள்ளைங்களுக்கும் வந்துடுச்சு. ஒம்போதாம் பக்கம். தெருவெளக்கு அறுபது போட்டோம்னு கீது. நான் எண்ணுனேன், அறுபத்திரண்டு. ரெண்டு ஜாஸ்தியாவே போட்டுக்கீறாங்க."

ஜனம் சிரித்தது, தட்டியது. நான் வழக்கம்போல கடைசிக் கம்பத்து ஸ்பீக்கர் கரகரக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பதினோராம் பக்கம். நாப்பத்தெட்டு பேருக்கு வேலை. அறுநூத்திப் பன்னெண்டு வூட்ல கேட்டேன். நாலு பேரு. நாலுல ஒருத்தி பால்வாடி ஆயா, நல்ல வேலை. மீதி மூணு பேரு செக்யூரிட்டி. எங்க செக்யூரிட்டின்னா, பூட்டிக் கெடக்கற கம்பெனி கேட்ல. பஸ் ஸ்டாண்டுலேர்ந்து பாலம் வரிக்கும் பதினேழு கம்பெனி, ஏழுல பூட்டு. நான் வேலை பாத்த டப்பா கம்பெனி கேட்லதான் நம்ம உச்சிமாகாளி குச்சி வெச்சிகினு குந்திகினு கீறாரு. இதே கம்பெனியில மிசின் ஓட்டுனவரு. பூட்டுக்குக் காவல் இருக்கறத நம்ம புக்குல வேலைவாய்ப்புன்னு போட்டுக்கீறாங்க."

யாரும் தட்டவில்லை. பின்வரிசையில் உச்சிமாகாளி, அவரேதான், எழுந்து நின்றார். நின்றுவிட்டு உட்கார்ந்தார்.

வரதன் துண்டுச்சீட்டு அனுப்பினார். 'சுருக்கமாக முடிக்கவும்.' அக்கா அதைப் படித்துவிட்டு, சரி என்று தலையாட்டினார். கட்டுப்பாடான தொண்டர் இல்லையா! "சுருக்கமா சொல்லச் சொல்றாங்க. சுருக்கமா சொல்றேன். பதினாலாம் பக்கம். மூணு தொழிற்பேட்டை. பஸ் ஏறிப் போய்ப் பாத்தேன். ஒண்ணு ஓடுது. ஒண்ணுக்குச் சுவர் மட்டும் கட்டிக்கீறாங்க. மூணாவதுல போர்டு கீது, போர்டுக்கு அப்பால வேலிகாத்தான் செடி, அதுக்குள்ள ஆடு மேஞ்சுகினு கீது."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வரதன் மேடையிலிருந்து குதித்து என் மேஜைக்கு ஓடி வந்தார். முகமெல்லாம் வியர்வை.

"பாய், மைக்க ஆஃப் பண்ணு! ஒயர் புட்டுகிச்சின்னு சொல்லிக்கலாம். சீக்கிரம்!"

நான் குமிழில் கை வைத்தேன். பொய் சொல்ல மாட்டேன், வைத்தேன். எனக்கும் பொழப்பு இருக்கிறது. அதற்குள் வரதனின் செல்போன் அலறியது. எடுத்துக் காதில் வைத்தவர் முகம் இன்னும் வெளிறியது. அமைச்சர் வண்டி எக்ஸ்பிரஸ் ரோட்டில் கன்டெய்னருக்கு நடுவில் மாட்டிக்கொண்டதாம். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. பேச்சாளர்கள், கச்சேரி வேன், எல்லாம் அங்கேயே. ஒரு மணி நேரமாவது ஆகும்.

"ஆஃப் பண்ணாத! ஐயோ, ஆஃப் பண்ணாத பாய்! கூட்டம் கலைஞ்சா என் தலை போயிடும்!"

"அப்ப அக்கா பேசிகினே இருக்கட்டுமா?"

வரதன் தலையில் கை வைத்துக்கொண்டார். பேச வேறு ஆள் இல்லை, அவர் தொண்டையும் இல்லை. இரண்டாவது சீட்டை அவரே எழுதினார். 'தொடர்ந்து பேசவும்.' மேடையில் அதை வாங்கிப் படித்த அக்கா அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். கேலியாக இல்லை, நன்றியோடு. தன் கட்சி தன்னை முழுசாகச் சொல்லச் சொல்கிறது என்று அந்த அம்மா மனசார நம்பினார்.

அதற்கப்புறம் ஐம்பது நிமிஷம். யப்பா! ஒரு கெட்ட வார்த்தை இல்லை, ஒரு சவால் இல்லை. நோட்டைப் புரட்டினார், பக்கத்தைச் சொன்னார், மெய்யென்றால் மெய், ஒழுகினால் ஒழுகுது. ஒவ்வொரு வீட்டுக்காரரும் தன் வீட்டைச் சொல்லும்போது தலையாட்டினார். பொதுக்கூட்டத்தில் ஜனம் தூங்கிப் பார்த்திருக்கிறேன், எழுந்து போய்ப் பார்த்திருக்கிறேன், கல்லெறிந்தும் பார்த்திருக்கிறேன். மூச்சு விடாமல் உட்கார்ந்திருந்ததை அன்றுதான் பார்த்தேன். டீக்கடை மாஸ்டர் அடுப்பைத் தணித்துவிட்டு ரோட்டுக்கு வந்து நின்றார்.

"பத்தொம்போதாம் பக்கம். ஆசிரியர் பணியிடம் அல்லாம் நெரப்பியாச்சுன்னு போட்டுக்கீது. நம்ம பள்ளிக்கூடத்துல கணக்கு டீச்சர் இல்லாம ரெண்டு வருசம் நாலு மாசம். போன தபா பத்தாவது எய்துனது நாப்பத்திமூணு பேரு. தேறுனது பதினாலு. பெயிலானது இருவத்தொம்போது, அதுல இருவத்தியேழு கணக்குல. பசங்க மக்குன்னு சொல்றாங்க. யாரு மக்கு? சொல்லிக் குடுக்க ஆளே அனுப்பாம, தேறலன்னு சொல்லி வகுப்பையே எடுத்துகினு பூடறாங்க. இந்தப் பத்தாங்கிளாஸ கொண்டாந்தது யாரு? நாம. அன்னிக்கி உண்ணாவிரதப் பந்தல்ல நான் தண்ணி மோந்து குடுத்தேன். இன்னிக்கி அத்த எடுக்கறதும் நாமதான். எனுக்கு வெக்கமா கீது."

குரல் அங்கே ஒரு தடவை உடைந்தது. கீழே பெண்கள் பக்கத்தில் சங்கமித்ரா அம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றாள். கடைசிக் கம்பத்து ஸ்பீக்கர் கரகரத்ததா இல்லையா, சத்தியமாக எனக்குத் தெரியாது.

அப்போதுதான் ஆயிரம்வாலா வெடித்தது. அமைச்சர் வந்துவிட்டார், நடந்தே. வெள்ளை வேட்டியில் கிரீஸ் கறை, ஒரு செருப்பைக் காணோம், மூச்சிரைக்கிறது. போலீஸ் இருபக்கமும் பிடித்துக்கொண்டு மேடை ஏற்றியது. வழக்கப்படி அக்கா பேச்சை நிறுத்திவிட்டு ஒதுங்கினார். பொன்னாடையை எடுத்து முறையாக அமைச்சருக்குப் போர்த்தினார். இந்த நேரத்தில் மைக்கைத் தணித்துவிட்டு நான் கட்சிப் பாட்டு கேசட்டைப் போட வேண்டும். அது என் வேலை. என் கை நகரவில்லை.

"ஐயா, ரோட்ட தாண்டி வர எத்தினி நேரம் ஆச்சு?" என்று அக்கா கேட்டார். மைக்குக்கு அருகில்தான் நின்றிருந்தார்.

"அத ஏம்மா கேக்கற!" அமைச்சர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உயிர் போயி உயிர் வந்துச்சு. இருபது நிமிஷம் நின்னேன், ஒருத்தன் வழி விடல. ஒருத்தன் மேலயே ஏத்திட்டான்னுதான் நினைச்சேன்." பதினான்கு ஸ்பீக்கரிலும் அது கேட்டது.

"ஜூன்லேர்ந்து நம்ம பொண்ணுங்க நாப்பது பேரு அதே ரோட்ட தெனம் ரெண்டு தபா தாண்டணும்யா. போலீஸ் இல்லாம. நம்ம ஆட்சி ஆர்டர்."

அமைச்சர் அக்காவைப் பார்த்தார். வரதனைப் பார்த்தார். வரதன் மேடைப் பலகையைப் பார்த்தார். அமைச்சர் மைக்கைப் பிடித்தார். பழகின மனிதர், சமாளித்துக்கொண்டு, புத்தகத்தை விரித்துக் கணீரென்று ஆரம்பித்தார்.

"இந்த ஒரு வட்டத்தில் மட்டும் நாற்பத்தெட்டு பேருக்கு வேலை வழங்கியிருக்கிறோம்..."

"நாலு" என்று ஒரு கிழவி சொன்னாள். கத்தவில்லை, சும்மா திருத்துவது போலச் சொன்னாள்.

"மூன்று தொழிற்பேட்டைகள்..."

"ஒண்ணு!" இப்போது பத்துப் பேர்.

"ஆசிரியர் பணியிடங்கள் அனைத்தும்..."

"ரெண்டு வருசம் நாலு மாசம்!" மொத்தக் கூட்டமும். பிள்ளைகளின் குரல் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. அமைச்சர் புத்தகத்தை மூடினார். நன்றி, வணக்கம் என்றார். என் அனுபவத்தில் அதைவிடச் சின்ன அமைச்சர் உரை கிடையாது.

பத்து நாளில் கட்சிப் பத்திரிகையில் நாலு வரி வந்தது. திருமதி ரமாபாய் மகளிரணிப் பொறுப்பிலிருந்து விடுவிக்கப்படுகிறார். எனக்கும் மூன்று மாதம் அவர்கள் கூட்டம் ஒன்றும் வரவில்லை. பத்திரிகை வந்த அன்றே அக்காவைப் பார்க்கப் போனேன். அந்த நாலு வரியைக் கத்தரித்துக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அழுதிருந்தார், மறைக்கவில்லை.

"திரட்டச் சொன்னாங்களே பாய். நான் இன்னா தப்பு பண்ணேன்?" என்று கேட்டார்.

மே மாதக் கடைசியில் பள்ளி அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டினார்கள். வகுப்பு இணைப்பு நிறுத்திவைக்கப்படுகிறது. ஜூலையில் வேலூர்ப் பக்கத்திலிருந்து மெலிந்த ஒரு டீச்சர் பெட்டியோடு வந்து இறங்கினார். கணக்கு. பேட்டையே திருவிழா மாதிரி ஆகிவிட்டது. அக்கா மட்டும் வாயைத் திறக்கவில்லை. தினமும் ஷெட்டுக்குப் போகிற வழியில் பள்ளி ஜன்னலை எட்டிப் பார்த்துவிட்டுப் போவார். மூன்று மாதம் அப்படியே பார்த்தார்.

அக்டோபரில் ஒரு சாயங்காலம் என் கடைக்கு வந்தார். "பாய், ஒரு மைக்கும் ஒரு ஸ்பீக்கரும் வோணும். அதே எடத்துல. ரெண்டு நிமிசம்தான்."

"எதுக்குக்கா? தூக்கி எறிஞ்சவங்களத் திட்டப் போறியா? பதினாலு ஸ்பீக்கரும் கட்டறேன், வாடகையே வோணாம்!"

"அய்ய, திட்டறதுக்கா? பத்தொம்போதாம் பக்கம் ஒழுவுதுன்னு ஊரக் கூட்டி சொன்னேன் இல்ல? இப்ப டீச்சர் வந்துட்டாங்க, நின்னுட்டாங்க, ஒயுங்கா சொல்லிக் குடுக்கறாங்க. அத்தயும் ஊரக் கூட்டித்தானே சொல்லணும்?"

பொறுப்பைப் பிடுங்கின கட்சி. அதற்கு நியாயம் செய்ய, மைக் வாடகைக்குத் தன் ஒரு நாள் கூலியை எடுத்துக்கொண்டு வந்து நிற்கிறார். யா அல்லா, இப்படியும் ஒரு மனுஷியா என்றுதான் தோன்றியது. நானே தோளில் ஸ்பீக்கரைத் தூக்கிக்கொண்டு போய்க் கட்டினேன்.

மேடை இல்லை. ஒரு ஸ்டூல்மேல் ஏறி நின்றார், அதே கட்சிக் கரைப் புடவை. டீக்கடையில் நின்ற வரதன் தலை குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார்.

"கணக்கு டீச்சர் இல்லைன்னு இங்க சொன்னேன். இப்ப வந்துட்டாங்க. பத்தொம்போதாம் பக்கம் மெய்தான். அனுப்பினவங்களுக்கு நன்றி. மத்த பக்கம் அல்லாம் நான் சொன்னபடியேதான் கீது. அதுல எது மாறினாலும் நசீர் பாய் கிட்ட மைக் வாங்கி, இதே மாதிரி வந்து சொல்றேன்."

இறங்கி வீட்டுக்கு நடந்தார். வருஷங்கள் போய்விட்டன, ஆட்சியும் மாறி மாறி வந்துவிட்டது. அக்கா இன்னும் அதே தெருவில்தான் இருக்கிறார், தினமும் என் கடை வாசலைத் தாண்டித்தான் போகிறார். மைக் கேட்டு இன்றுவரை வரவில்லை.